ஒரு பெட்டிக்குள் இரண்டு மரங்கள்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஈற்றில் நிற்கும் மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் வீடு. சிறுதேர் என்பது சிறுவர் உருட்டும் தேர். காப்புப் பருவத்தில் தொடங்கும் வளர்ச்சி விளையாட்டில் வந்து நிறைவெய்துவதாக அவர்கள் அமைத்தமை நோக்கத்தக்கது. விளையாட்டை வீண்பொழுது என்று அவர்கள் தள்ளிவிடவில்லை. கட்டவும், முழக்கவும், உருட்டவும் கற்ற பிள்ளையே வளர்ந்த பிள்ளை எனக் கொண்டனர் போலும்.

வன்னிப் பெருநிலத்து முற்றங்களில் அச்சிறுதேர் நெடுங்காலம் உயிரோடிருந்தது. தென்னையின் கீழ் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிகளைப் பொறுக்கி, ஈர்க்கினால் ஒன்றோடொன்று கோத்து, அடுக்கடுக்காக உயர்த்திச் சிறுவர் தேர் கட்டுவர். நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டைத் தடியிற் செருகினால் வண்டில் ஆயிற்று. குரும்பட்டித் தேரின் இலக்கணத்தைச் சற்று ஊன்றிப் பாருங்கள். ஒரே மாதிரியான சிறு உறுப்புகள் பல; அவற்றை இணைப்பதற்கு எளிய வழி ஒன்று; இவ்வளவே. இரண்டொரு நாளிற் குரும்பட்டி வாடித் தேர் குலையும். அதற்காக எந்தப் பிள்ளையும் அழுவதில்லை. வேறு குரும்பட்டிகளைப் பொறுக்கி, முன்னையதிலும் உயரமாக ஒன்றைக் கட்டத் தொடங்கிவிடும்.

கடல் கடந்து வரும் பெட்டி

இன்று அதே இலக்கணம் அழகிய வர்ணப் பெட்டிகளுக்குள் அடங்கி வருகின்றது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் விடுமுறைக்கு ஊர்வரும் மாமன்மாரும் சித்திமாரும், மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் கொண்டுவரும் பொருள்களுள் 'லெகோ' என்னும் கட்டைப் பெட்டியும் ஒன்றாகிவிட்டது. முன்னாளில் அப்பெட்டிகளில் வீடும் வண்டியும் புகைவண்டியும் இருந்தன. இப்பொழுதோ வீடியோ விளையாட்டுகளின் கற்பனை உலகங்களே கட்டைகளாக உருமாறி வருகின்றன.

அவ்வகையில் 2024 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி வெளிவந்த ஒரு பெட்டியைப் பற்றி இங்கு விரிவாகப் பேச எண்ணுகின்றோம். அதன் இலக்கம் 77092. அதனுள் இருப்பவை 2,500 உறுப்புகள். அவற்றைச் சேர்த்துக் கட்டினால் எழுவது ஒரு மரம். அதுவும் புருவமும் வாயும் அசைக்கின்ற, மீசை வைத்த ஒரு கிழமரம். 'மாபெரும் டெக்கு மரம்' என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டவுடன் நம்மவர் தேக்கு மரத்தை நினைத்தல் இயல்பே. ஆயினும், 'டெக்கு' என்னும் சொல் யப்பானிய மொழியில் மரப்பாவையைக் குறிக்கும். நம் மரப்பாச்சிக்கு உறவு எனலாம்.

எத்தனையோ பெட்டிகள் இருக்க இதனைத் தெரிந்தெடுத்தது ஏன் என்று வாசகர் வினவலாம். இம்மரத்தின் கதை வன்னியில் வாழும் நமக்குப் பிறநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை என்பதே காரணம். அக்கதைக்குச் செல்லுமுன் கட்டையின் கதையை அறிந்துகொள்வோம்.

தச்சர் கண்ட வழி

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்றொரு தச்சர் வாழ்ந்தார். 1924 இல் அவருடைய பட்டறை தீக்கிரையாயிற்று. இளம்பிள்ளைகள் மூட்டிய சிறு நெருப்பு மரச்சீவல்களிற் பற்றியதே அதற்குக் காரணம். அவர் மீண்டுங் கட்டினார். உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவிய 1932 இல், தச்சு வேலைக்கு அழைப்பார் அருகியமையால், மரத்தில் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934 இல் தம் தொழிலுக்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' எனப் பொருள்படும் இரு டேனியச் சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்த பெயர் அது. 1942 இல் தொழிற்சாலை மறுபடியும் எரிந்தது, மறுபடியும் எழுந்தது. 1960 இல் மரப்பொம்மைக் களஞ்சியம் எரிந்தபோது, மரத்தைக் கைவிட்டுப் பிளாஸ்ரிக்கிலேயே ஊன்றுவதென நிறுவனத்தார் முடிவு செய்தனர். மும்முறை எரிந்தும் எழுந்த பட்டறையின் பொருளை நம் பகுதியினர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கட்டை என்னும் எண்ணம் முற்றிலும் அவருடையதன்று. இங்கிலாந்தில் ஹிலரி பிஷர் பேஜ் என்பார் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்ரிக் கட்டைகளை 1947 இல் விற்றுவந்தார். அதனைக் கண்டு, 1949 இல் டேனியர் தமக்கேற்ற கட்டையைச் செய்தனர். அக்கட்டைகள் அடுக்கியவுடன் நின்றன, தூக்கியவுடன் விழுந்தன. பிடிப்புப் போதவில்லை. தச்சரின் மகன் கொட்பிரெட் காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. கட்டையின் மேலே குமிழ்கள் இருப்பதுபோல உள்ளே குழல்களையும் வைத்தனர். ஒன்றின் குமிழ் மற்றொன்றின் குழல்களுக்கும் சுவருக்கும் இடையே இறுகிப் பிடித்துக்கொண்டது. இம்முறைக்கு 1958 ஆம் ஆண்டு சனவரி 28 ஆந் திகதி காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். அதே ஆண்டிலேயே முதியவர் ஒலே கிர்க் காலமானார். அவ்வாண்டு வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடும் பொருந்தும் என்பது வியப்புக்குரியது. பிள்ளையின் கைக்குக் கழற்றவும் வரவேண்டும், கட்டியபின் குலையவும் கூடாது என்றால், அளவில் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு பிழைப்பதற்குங்கூட இடமில்லை.

கணிதம் பயிலும் மாணவர் இக்கட்டையிற் பெரியதொரு பாடத்தையே காணலாம். எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாக இணைக்கலாம். மூன்றாயின் 1,060 விதங்கள். ஆறு கட்டைகளானால் எத்தனை? 91 கோடியே 51 இலட்சத்து 3,765 விதங்கள்! கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோறன் ஐலர்ஸ் கணினியின் துணைகொண்டு கண்ட தொகை இது. ஆறுக்கே இவ்வளவென்றால் 2,500 உறுப்புகளுக்கு எவ்வளவு? பெட்டியோடு வரும் கைந்நூல் காட்டுவது இவ்வெல்லையற்ற வழிகளுள் இரண்டை மாத்திரமே.

குகையுட் புகுந்த சிறுவன்

மரத்தின் கதை பிறந்த இடம் யப்பான். அந்நாட்டின் கியோட்டோ நகரில் 1889 இல் தொடங்கிய நின்ரெண்டோ நிறுவனம் முதலிற் செய்தது பூக்களின் படம் வரைந்த சீட்டுக்கட்டு. 1968 இல் அந்நிறுவனமும் டேனியக் கட்டைகளை ஒத்த கட்டைகளை விற்றது. அன்று போட்டியாளராக இருந்த இரு நிறுவனங்களும் 2020 இற் கைகோத்து விளையாட்டுக் கட்டைகளை வெளியிடத் தொடங்கின என்பது காலத்தின் வேடிக்கை.

அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற படைப்பாளர் சிகெரு மியமோட்டோ. 1952 இற் பிறந்த இவர், கியோட்டோவுக்கு வடமேற்கே உள்ள சொனொபே என்னும் ஊரில் வளர்ந்தார். சிறுவயதில் வயலும் காடும் மலைச்சரிவும் சுற்றித் திரிந்த காலத்தில் ஒரு குகையைக் கண்டார். முதலில் உட்புக அஞ்சினார். பின்னர் லாந்தர் விளக்கோடு சென்று பார்த்தார். அன்று உண்டான அச்சமும் ஆவலும் உள்ளத்திலேயே தங்கிவிட்டன. 1986 இல் வெளிவந்த 'செல்டா' என்னும் விளையாட்டில் அவ்வனுபவத்தையே உலகத்துப் பிள்ளைகளுக்கு வழங்க முயன்றதாக அவர் சொல்லியிருக்கின்றார். செல்டா என்பது அக்கதையின் இளவரசி பெயர். நாயகன் பச்சைச் சட்டை அணிந்த லிங்க் என்னும் சிறுவன். கையில் ஒரு வாளும் கேடயமும் கொண்டு, வழி தெரியாத காட்டில் தானே வழிதேடி நடப்பவன் அவன்.

மரம் வளர்த்த பிள்ளை

1998 இல் வெளிவந்த 'காலத்தின் ஒக்கரினா' என்னும் பகுதியிலே நமது கிழமரம் வருகின்றது. ஒக்கரினா என்பது சிறிய ஊதுகுழல். மரம் காட்டின் காவலன். காட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தை. பகைவன் ஒருவனது சாபத்தால் உள்ளே நோயுற்ற அம்மரம், தன்னுள் நுழைந்து சாபத்தை நீக்குமாறு சிறுவனைக் கேட்கின்றது. அவன் வாய்வழியே உட்சென்று, அங்கிருந்த பூதச் சிலந்தியை வெல்கின்றான். வென்றும் மரம் பிழைக்கவில்லை, காலங் கடந்துவிட்டது. சிறுவனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு மரம் மடிகின்றது. நாயகன் வென்றபின்னும் நல்லவர் இறக்கும் கதையைச் சிறுவர் விளையாட்டில் வைத்தமை துணிவான செயலே.

ஏழாண்டுகள் கழிகின்றன. இளைஞனாக மீள்கின்ற லிங்க், காட்டைப் பற்றியிருந்த தீமையை அகற்றுகின்றான். பட்ட மரத்தின் முன்னே மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு சின்னஞ்சிறு முளை தலைகாட்டுகின்றது. அந்த முளையே அவனுக்கு அவன் பிறப்பை உரைக்கின்றது. முன்னொரு காலத்தில் நாட்டிற் கொடும்போர் மூண்டது. போரின் நெருப்புக்குத் தப்பிய தாயொருத்தி, கைக்குழந்தையோடு அக்காட்டினுட் புகுந்தாள். பெருங்காயம் பட்டிருந்த அவள், குழந்தையை மரத்தின் பொறுப்பிலே விட்டு உயிர்நீத்தாள். மரம் அப்பிள்ளையை வளர்த்தது. அப்பிள்ளையே நீ என்கின்றது.

இதனை வாசிக்கும் வன்னித் தாய்மார் கணநேரமேனும் கையிலுள்ள வேலையை நிறுத்துவர் என்பதில் ஐயமில்லை. 1995 ஆம் ஆண்டின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வந்துசேர்ந்தது இந்நிலத்திற்கே. 1996 இற் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடியபோது மக்கள் மர நிழலையே வீடாகக் கொண்டனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நாம் இங்கு விரிக்க வேண்டியதில்லை. பாலையின் கீழும் மருதின் கீழும் அடுப்பு மூட்டி, கிளையில் ஏணை கட்டிப் பிள்ளையை உறங்கவைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. மரத்தடியில் வைரவர் சூலத்தையும் நாகதம்பிரானையும் கண்டு வணங்கிய நமக்கு, மரம் காக்கும் என்பதும் பேசும் என்பதும் புதிய செய்திகள் அல்ல.

குலைத்தாலன்றிக் கட்ட இயலாது

இனிப் பெட்டிக்கு வருவோம். அதில் இரண்டு மரங்களுக்கு வழி சொல்லப்பட்டிருக்கின்றது. ஒன்று, மேலே கண்ட 1998 ஆம் ஆண்டுக் கதையின் பச்சை மரம். மற்றையது, 2017 இல் வெளிவந்த பிற்பகுதியில், இளஞ்சிவப்பு மலர் சொரிய நிற்கும் மரம். செல்டாவுக்கு ஓர் உருவமும், லிங்கின் வெவ்வேறு கோலங்களுக்கு மூன்று உருவங்களுமாக நான்கு சிறு பாவைகளும் உண்டு. ஆனால், இரு மரங்களையும் ஒரேவேளையில் நிறுத்துதல் இயலாது. சாகப்போகும் மரத்தைக் குலைத்தாலன்றிப் பூத்த மரத்தைக் கட்ட முடியாது. அதே உறுப்புகளே இரண்டுக்கும் வேண்டும். பெட்டியைச் செய்தோர் இதனைத் தத்துவமாக எண்ணிச் செய்தனரோ, சிக்கனத்துக்காகச் செய்தனரோ, நாம் அறியோம். பொருள் மட்டும் தெளிவாக இருக்கின்றது.

இங்கேதான் சேகரிப்போரைப் பற்றிய வினா எழுகின்றது. இப்பெட்டியின் அமெரிக்க விலை 299.99 டொலர். வெளிவந்த காலத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ முந்நூறு ரூபாயாக இருந்தது. ஆகவே, விலை தொண்ணூறாயிரம் ரூபாயை எட்டுகின்றது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. வாங்குவோர் பெரும்பாலும் சிறுவயதில் அவ்விளையாட்டில் ஆழ்ந்திருந்த பெரியோர். செல்டாவைக் கட்டையிற் காண விரும்பிய அன்பர்கள் தாமே மாதிரிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் பேரின் ஆதரவு திரட்டி, நிறுவனத்துக்குப் பன்முறை அனுப்பினர், பன்முறையும் மறுக்கப்பட்டனர். அத்தகையோர்க்கு இப்பெட்டி நெடுநாட் காத்திருப்பின் பயன். அதில் நாம் குறைகாண மாட்டோம்.

வேறொரு கூட்டமும் உண்டு. அவர்கள் பெட்டியின் முத்திரையை உடைப்பதேயில்லை. உற்பத்தி நின்றபின் விலை ஏறும் என்று பூட்டிவைப்பர். மாஸ்கோவின் உயர் பொருளியற் கல்விக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையான இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளின் விலையை ஆராய்ந்து, அவை ஆண்டுக்குச் சராசரி 11 வீதம் இலாபம் தந்ததாகக் கண்டனர். சராசரி என்ற சொல்லை மாணவர் மறத்தலாகாது. சில பெட்டிகள் பன்மடங்கு ஏறின. சில வாங்கிய விலைக்கும் போகவில்லை.

நம் மாணவன் ஒருவன், "சேர், பெட்டியைத் திறந்தால் மதிப்புப் போய்விடுமாம். வைச்சிருக்கச் சொல்லி மாமா சொன்னவர்" என்றான். "திறக்காவிட்டால் உள்ளே மரம் இருக்கிறதென்று எப்படித் தெரியும், தம்பி?" என்று கேட்டோம். சிரித்துவிட்டு, அதற்குப் பதிலை யோசித்துக்கொண்டே போனான்.

சேகரிப்பது தவறென்று நாம் கூறவில்லை. நவராத்திரிக்குக் கொலு வைப்போர் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை சேர்க்கின்றனர். ஆயினும், அப்பொம்மைகள் ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து இறங்கிப் படியேறுகின்றன. அயலார் வந்து பார்க்கின்றனர். சுண்டல் உண்டு செல்கின்றனர். புதிய பொம்மைக்கு எந்தப் படி என்று வீட்டுப் பிள்ளைகள் வழக்காடுகின்றனர். சேகரிப்பு உயிரோடிருப்பது அவ்வாறு. பூட்டிய அலுமாரியில் இருப்பது சேகரிப்பன்று, சரக்கு.

காடும் பிள்ளையும்

மியமோட்டோவின் விளையாட்டுக்கு விதை, அச்சமின்றிக் காட்டிற் புகக்கூடிய ஒரு சிறுவனின் கால்கள். நம் வன்னிச் சிறுவருக்கு அந்தப் பேறு ஒரு தலைமுறைக்கு வாய்க்கவில்லை. எங்கு பார்த்தாலும் மண்டையோட்டுப் படமிட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். "கண்டதைத் தொடாதே, காட்டுக்குப் போகாதே" என்பதே அன்னையர் கற்பித்த முதற்பாடம். முகமாலை போன்ற இடங்களில் வெடி அகற்றுவோர் நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்தனர். வெடி அகற்றும் பணிக்கு நம்மூர்ப் பெண்கள் பலரும் சென்றனர். 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வெடிகளை முற்றாக அகற்றுவதற்கு அதன்படி குறிக்கப்பட்ட எல்லை 2028 ஆம் ஆண்டு.

ஆதலால், துப்புரவாக்கி ஒப்படைத்த இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் பெற்றோர் கடமை. பாலையைத் தெரியாத பிள்ளை டெக்கு மரத்தை அறிந்து என்ன பயன்? வைகாசி, ஆனி மாதங்களில் மஞ்சள் மணிகளாய்ப் பழுக்கும் பாலைப்பழத்தைத் தின்று, உதட்டில் ஒட்டும் பாலைத் துடைத்துக்கொண்டு வரட்டும். முதிரை எது, கருங்காலி எது, குளக்கட்டில் நிற்கும் மருது எது என்று அறியட்டும். அதன்பின் கட்டைகளைப் பரப்பினால், கைந்நூல் சொல்லாத மூன்றாவது மரமொன்றை, ஒருவேளை தம்மூர்ப் பாலையையே, அவர்கள் கட்டக்கூடும்.

பெட்டி கிடைத்தோர்க்குச் சில குறிப்புகள்

உறுப்புகள் இலக்கமிட்ட பைகளில் வரும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், ஒரு பையை முடித்து அடுத்ததைத் திறத்தல் நன்று. பாயில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேற் கட்டினால் சிறு உறுப்புகள் தொலையா. கழற்றியவற்றை நிறவாரியாகப் பிரிப்பதைவிட வடிவவாரியாகப் பிரித்தால் மறுமுறை தேடுவது எளிது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடுமாதலால் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். நேர் வெயில் படும் யன்னலில் வைத்தால் வெண்கட்டைகள் மஞ்சளாகும். நம்மூர்ச் செம்புழுதி படிந்தால், இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து கழுவி, நிழலில் உலர்த்தலாம்; கொதிநீர் ஆகாது. 2,500 உறுப்புகளை ஒருவர் தனித்துக் கட்டுவதிலும், அண்ணனும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து கட்டுவதே சிறப்பு. ஒருவர் படம் பார்க்க, ஒருவர் தேடி எடுக்க, ஒருவர் பூட்ட என வேலையைப் பகிர்ந்துகொண்டால் சண்டையும் குறையும்.

இப்பெட்டி கிடையாத வீடுகளே நம் பகுதியில் மிகப் பல. அப்பிள்ளைகள் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டா. குரும்பட்டியும் ஈர்க்கும் இன்னும் காசின்றிக் கிடைக்கின்றன. பெட்டி உள்ள வீட்டார் பாடசாலைக்கோ சனசமூக நிலைய வாசிகசாலைக்கோ ஒரு வாரம் இரவல் கொடுத்தால், ஒரு பெட்டியில் நாற்பது பிள்ளைகள் மரம் கட்டுவர்.

அப்படிக் கட்டி முடித்தபின் இரண்டொரு கிழமை மரம் அங்கேயே நிற்கட்டும். வருவோர் போவோர் பார்க்கட்டும். பின்பு ஒருநாள் மாலை, பிள்ளைகள் எல்லோரும் சுற்றியிருந்து, அப்பச்சை மரத்தை உச்சியிலிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கழற்றட்டும். பெட்டி வெறுமையாகாது, ஒரு கட்டையும் குறையாது. மறுநாள் காலையில் அதே கட்டைகளைக் கொண்டு பூத்த மரத்தின் அடிவேரைக் கட்டத் தொடங்கலாம்.